பேசாத விருந்தாளி

நமது சங்கத்தின் செயற்குழுவில் பல ஆண்டுகளாக உட்கார்ந்து வருகிறேன். நான் கொண்டுபோன யோசனைகளில் பாதிக்கு மேல், கூட்டம் முடிந்து கொடுக்கும் வடை காபியோடு ஜீரணமாகிவிட்டன. அதில் எனக்கு வருத்தம் இல்லை. குழு என்றால் அப்படித்தான். ஆனால் சென்ற மாதம் வைத்த ஒரு யோசனை இரண்டே நிமிஷத்தில் தள்ளுபடியானது மட்டும் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

விஷயம் பெரிதொன்றும் இல்லை. கோடை விடுமுறையில் சங்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு படம் போடுவதாகப் பேச்சு வந்தது. நான் ஓர் அமெரிக்கப் படத்தின் பெயரைச் சொன்னேன். 1984இல் வந்தது. 'தி பிரதர் ஃப்ரம் அனதர் பிளானெட்.' வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். விஞ்ஞானக் கற்பனைப் படம், ஆனால் சிரிப்புப் படம் என்றேன். கதையைக் கேட்டார்கள். விண்கலம் உடைந்து நியூயார்க்கில் வந்து விழும் ஒரு கறுப்பு மனிதன். அவனுக்குப் பேச வராது. ஹார்லெம் பகுதியில் கறுப்பர்கள் நடுவே வாழ்கிறான் என்று சொல்லத் தொடங்கினேன். முடிக்கவில்லை. என் நீண்ட நாள் நண்பர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"கறுப்பர் படம், அதுவும் ஹீரோ ஊமை. நம்ம குழந்தைகளுக்கு எதுக்கு சார் இது? பேசாமல் ஒரு நாகேஷ் படம் போடுங்கள்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். காரியதரிசி அம்மாள், என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, "மலருக்குக் கட்டுரையாக எழுதித் தாருங்களேன், போடுகிறோம்" என்றார். ஒரு யோசனையை மரியாதையாகப் புதைக்க நம் சங்கத்தில் உள்ள வழி அது. பரவாயில்லை. புதைத்த இடத்தில் நின்றுகொண்டே பேசுகிறேன்.

இந்தப் படத்தை எனக்குக் காட்டியவன் என் மகன். 2021இல், வெளியே போக முடியாமல் வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில், பென் டிரைவில் கொண்டுவந்து டி.வி.யில் போட்டான். அதற்குப் பிறகு நானாகவே இரண்டு தடவை பார்த்துவிட்டேன். எழுதி இயக்கிப் படத்தொகுப்பும் செய்தவர் ஜான் சேல்ஸ் என்ற வெள்ளைக்காரர். பெரிய கம்பெனி பணம் போட்ட படம் அல்ல. சேல்ஸ் அதற்கு முன் 'பிரானா' போன்ற மலிவுப் பயங்கரப் படங்களுக்குக் கதை வசனம் எழுதிப் பிழைத்தவர். 1983இல் மக்ஆர்தர் அறக்கட்டளை அவருக்கு ஓர் உதவித்தொகை கொடுத்தது. 'மேதைகளுக்கான பரிசு' என்று பத்திரிகைகள் சொல்வார்களே, அதுதான். அந்தப் பணத்தையும் கைக்காசையும் போட்டு, சுமார் மூன்றரை லட்சம் டாலரில் முடித்த படம். இரண்டு வருஷம் முன்னால் வந்த ஸ்பீல்பர்க்கின் 'ஈ.டி.'க்கு ஆன செலவு ஒரு கோடி டாலருக்கு மேல். ஆகவே விண்கலத்தை எதிர்பார்த்து உட்காருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். தகர டப்பாவுக்குள் இரண்டு விளக்கு எரிகிறது, தண்ணீரில் ஏதோ விழுகிறது, அவ்வளவுதான். நம் ஊர் நாடக சபாக்காரர்கள் இதைவிட நன்றாகச் செய்திருப்பார்கள்.

ஆனால் விழுகிற இடத்தைப் பாருங்கள். எல்லிஸ் தீவு. 1892 முதல் 1954 வரை கப்பலேறி அமெரிக்கா வந்த ஏழைகளை இறக்கி, வரிசையில் நிறுத்தி, கண் இமையைப் புரட்டிப் பார்த்து, உள்ளே விட்ட தீவு. சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பேர் அதன் வழியாகப் போனார்கள். 1990இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. படம் எடுத்தபோது பாழடைந்து கிடந்தது. நம் கதாநாயகன் ஒற்றைக் காலோடு அந்த இருட்டுக் கூடத்துக்குள் தத்தித் தத்தி வருகிறான். சுவரில் கையை வைக்கிறான். உடனே பல மொழிகளில் குரல்கள். அழுகை, கூப்பாடு, பெயர் சொல்லி அழைக்கும் சத்தம். எந்தப் பொருளைத் தொட்டாலும் அதில் தங்கிய குரல் அவனுக்குக் கேட்கும் என்பது அவன் கிரகத்தின் இயல்பு. கேட்கத் தெரியும், பேசத் தெரியாது. படம் முழுவதும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜோ மார்ட்டன் என்ற நடிகர் கண்ணாலும் தோளாலுமே இரண்டு மணி நேரத்தை ஓட்டிவிடுகிறார். ('டெர்மினேட்டர்' இரண்டாம் பாகத்தில் கம்ப்யூட்டர் விஞ்ஞானியாக வருவாரே, அவரேதான்.)

அவனுக்குக் காலில் மூன்றே விரல். வெளியில் தெரிகிற வித்தியாசம் அது ஒன்றுதான். ஷூ போட்டுக்கொண்டு ஹார்லெம் தெருவில் நடந்தால் அவன் இன்னொரு கறுப்பு மனிதன். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பசிக்கிறது. பழக்கடையில் ஒரு பழத்தை எடுத்துக் கடிக்கிறான். கடைக்காரப் பெண், கொரியாவிலிருந்து வந்தவள், கத்துகிறாள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனிக்கிறான்: பச்சைக் காகிதத்தைக் கொடுக்கிறார்கள், பழத்தை எடுத்துக்கொள்கிறார்கள். இவ்வளவுதானா என்று அவள் கல்லாப் பெட்டியையே கையால் தொட்டுத் திறந்து, அதிலிருந்து நோட்டை எடுத்து அவளுக்கே மரியாதையாக நீட்டுகிறான்! போலீஸைக் கூப்பிடுகிறாள். ஓடுகிறான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் எனக்கு கரோல் பாகின் காய்கறி வண்டி ஞாபகம் வந்தது.

1983 ஜூலையில், கும்பகோணத்துப் பையன், ஆங்கிலச் சுருக்கெழுத்து ஹையர் பாஸ் பண்ணியவன், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோவாகச் சேர தில்லி வந்து இறங்கினேன். கரோல் பாகில் மூன்றாம் மாடிக்கு மேலே ஒரு பர்சாத்தியில் ஜாகை. ஹிந்தி ஒரு வார்த்தை தெரியாது. 'நஹி மாலூம்' என்பது மட்டும் ரயிலிலேயே கற்றுக்கொண்டேன். நாக்பூர் தாண்டியதும் அதுதான் எனக்குக் கைத்தடி. வண்டிக்காரனிடம் பாவ் கிலோ என்றால் எவ்வளவு என்று தெரியாமல் பத்து ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு, அவன் கொடுத்த மீதியையும் காயையும் வாங்கிக்கொண்டு மாடியேறுவேன். மூன்று மாதம் வாங்கிய பிறகுதான் நான் வெண்டைக்காய்க்குக் கொடுத்த விலையில் வீட்டுக்கார அம்மாள் ஒரு வாரத்துச் சமையலையே முடித்துவிடுவாள் என்று தெரிந்தது. அலுவலகத்தில் நாள் முழுவதும் மற்றவர் பேச்சை எழுதிக்கொள்வது, மாலையில் ஊமை. சில நாள் காலை பஸ்ஸில் ஏறியதிலிருந்து இரவு படுக்கும் வரை வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். இதை வாசிக்கும் மூத்த அங்கத்தினர்கள் பலருக்கும் இப்படி ஒரு வருஷம் இருந்திருக்கும். பிள்ளைகளிடம் நாம் அந்த வருஷத்தைச் சொல்வதில்லை; பிரமோஷன் கிடைத்த வருஷத்தைத்தான் சொல்கிறோம்.

படத்துக்கு வருகிறேன். அவன் போய்ச் சேருகிற இடம் ஓடெல் என்பவரின் மதுக்கடை. (மதுக்கடையா என்று முகம் சுளிக்க வேண்டாம். நமக்கு மெஸ் எப்படியோ அவர்களுக்கு அது.) அங்கே தினமும் உட்கார்ந்து வம்பளக்கும் நாலைந்து பேர். இவன் வந்து மூலையில் உட்காருகிறான். யார் இவன்? செவிடா, குடித்திருக்கிறானா, பைத்தியமா என்று அவன் முன்னாலேயே விவாதம் நடக்கிறது. இந்த இடத்தில் வசனம் பிரமாதம். அவன் பேசாததால் ஆளுக்கு ஒரு கதை கட்டுகிறார்கள். கடையில் ஒரு வீடியோ கேம் பெட்டி கெட்டுப்போய் நிற்கிறது. இவன் கையை வைக்கிறான், ஓடுகிறது. அவ்வளவுதான், ஆள் நம்மவன்! சமூக நல அலுவலகத்தில் வேலை செய்யும் ஸாம் அவனுக்கு ஒரு தங்குமிடம் பார்த்துக் கொடுக்கிறான். கேம் மெஷின் பழுதுபார்க்கும் வேலையும் கிடைக்கிறது. தங்கிய வீட்டுக்காரி அலபாமாவிலிருந்து வந்த வெள்ளைக்காரி. கறுப்பினக் கணவன் விட்டுப்போய்விட்டான், சின்னப் பையன் ஒருவன் இருக்கிறான். அவளும் பேசிக்கொண்டே இருக்கிறாள். புதிதாக ஹார்லெமில் போட்ட வெள்ளைக்காரப் போலீஸ்காரனும் வந்து தன் கவலையைக் கொட்டுகிறான். வழி தெரியாமல் வந்து சேர்ந்த இரண்டு இண்டியானாக்காரர்களும் கொட்டுகிறார்கள். ஊரே அவனிடம் பேசுகிறது. அவன் தலையை ஆட்டுகிறான்.

நம் நாட்டுக்காரர்களும் வேற்றுக் கிரகவாசியை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு எம்.ஜி.ஆரின் 'கலை அரசி' நினைவிருக்கும், 1963. சங்கீதமே இல்லாத கிரகத்திலிருந்து வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ரசனையுள்ள கடத்தல்காரர்கள். சத்யஜித் ராய் 1967இல் வங்காள கிராமத்துக் குளத்தில் இறங்கும் விருந்தாளியைப் பற்றித் திரைக்கதை எழுதினார். படம் எடுக்கப்படாமலே போயிற்று. 2014இல் 'பீகே' வந்தது, நம் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். அதில் ஆமிர் கான் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே இரவில் போஜ்புரி கற்றுக்கொள்கிறார், பிறகு படம் முடிகிற வரை நிறுத்தாமல் பேசி எல்லோருக்கும் புத்தி சொல்கிறார். நல்ல படம்தான். ஆனால் வெளியூர்க்காரன் நம் மொழியைக் கற்றுக்கொண்டு நம்மைச் சிரிக்க வைத்தால்தான் அவனை ஏற்போம் என்று அதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சேல்ஸின் ஆள் அந்தப் பரீட்சையை எழுதுவதே இல்லை.

இங்கேதான் எனக்கும் செயற்குழு நண்பருக்கும் உண்மையான சண்டை. நாம் நம்மைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறோம். தமிழன் எங்கே போனாலும் திறமையால் மதிப்புப் பெற்றான். கணக்கு, டைப்பிங், சுருக்கெழுத்து, பிறகு கம்ப்யூட்டர். பொங்கல் விழாவில் தலைமை விருந்தினர் தவறாமல் இதைச் சொல்வார், நாம் கைதட்டுவோம். பொய் இல்லை. ஆனால் இந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்று தெளிவாயிற்று. திறமை அவனுக்குக் கூலி வாங்கிக் கொடுத்தது. வீடு வாங்கிக் கொடுத்தது திறமை இல்லை.

கறுப்பு உடை அணிந்த இரண்டு வெள்ளை ஆட்கள் அவனைத் தேடி வருகிறார்கள். அவன் தப்பியோடிய அடிமை. இவர்கள் பிடித்துக்கொண்டு போக வந்தவர்கள். (அந்த இருவரில் ஒருவராக நடித்திருப்பவர் டைரக்டரே. துரத்துகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார்.) நடையும் பேச்சும் ஒரு மாதிரி. மதுக்கடையில் வந்து விசாரிக்கிறார்கள். கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவனைத் தெரியும். அவன் யார், எங்கிருந்து வந்தான், என்ன குற்றம் செய்தான் என்று மட்டும் ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் சொல்வதில்லை! சமூக நல அலுவலகத்தில் ஒரு பெண் இந்த இருவரையும் படிவம், வரிசை, வேறு இடம் என்று இழுத்தடிக்கிறாள் பாருங்கள், தில்லியில் எந்த அலுவலகத்திலாவது ரேஷன் கார்டுக்கு நின்றவர்கள் எழுந்து நின்று ஆனந்தப்படுவார்கள். அலுவலகக் கெடுபிடி முதல் தடவையாக ஏழையின் பக்கம் வேலை செய்கிறது.

இந்தக் காட்சி ஓடும்போது என் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணத்தை அவனுக்கு அன்று இரவுதான் சொன்னேன்.

நான் குடியிருந்த கட்டடத்தின் கீழே ஒரு சர்தார்ஜி மின்சாமான் கடை வைத்திருந்தார். முதல் மாடியில் குடும்பம். நான் அலுவலகம் விட்டு வந்தால் கடை வாசலில் ஒரு ஸ்டூலைக் காட்டுவார். உட்காருவேன். டீ வரும். அவர் பஞ்சாபியில் பேசுவார். பிரிவினையில் விட்டுவந்த ஊர், மகளின் கல்யாணம், வயிற்றுக் கோளாறு எல்லாம். அதில் கால்வாசி எனக்குப் புரிந்திருந்தால் அதிகம். தலையை ஆட்டுவேன். ஒரு வருஷம் ஆட்டினேன். அந்த ஸ்டூல் இல்லாவிட்டால் 1984 பொங்கலுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வந்திருக்க மாட்டேன்.

அதே 1984 நவம்பர் முதல் தேதி எங்கள் தெருவுக்கும் ஒரு கும்பல் வந்தது. கடையின் ஷட்டரை உடைத்தார்கள். சர்தார்ஜியும் மனைவியும் இரண்டு பெண்களும் என் பர்சாத்தியில் இருந்தார்கள். வீட்டுக்கார அம்மாள் காலையிலேயே மேலே அனுப்பிவிட்டிருந்தாள். மாடிப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. நான் கதவை வெளியே பூட்டிக்கொண்டு படியில் நின்றேன். ஏதோ கேட்டார்கள். 'நஹி மாலூம்' என்றேன். மறுபடியும் கேட்டார்கள். அதையே சொன்னேன். கீழேயிருந்து வீட்டுக்கார அம்மாள், மேலே மதராஸி ஒருத்தன்தான் இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று கத்தினாள். போய்விட்டார்கள். நான் வீரம் ஒன்றும் செய்யவில்லை. என்ன கேட்டார்கள் என்பதுகூட எனக்கு நிஜமாகவே முழுசாகப் புரியவில்லை. கால் நடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் என் கட்டுரை எனக்கே ஒரு மாலையாகிவிடும். நிறுத்துவதற்கில்லை.

படத்தின் பின்பாதியில் போதை மருந்து விவகாரம் வருகிறது. ஒரு பையன் செத்துக் கிடக்கிறான். பேசாதவன் அந்த ஊசியை எடுத்துத் தன் உடம்பில் குத்திக்கொண்டு அது என்ன என்று தெரிந்துகொள்கிறான். எங்கிருந்து வருகிறது என்று பின்தொடர்கிறான். (அவன் கண்ணைக் கழற்றி வைத்தால் அது காமிரா மாதிரி பார்த்து வைத்துக்கொள்ளும். குழந்தைகளுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.) தடம் போய் முடிவது உயர்ந்த கட்டடத்தில், கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்கார முதலாளியிடம். இந்தப் பகுதி கொஞ்சம் இழுக்கிறது. பாட்டுக்காரியோடு வரும் காதலும் அவசரத்தில் கட்டிய தோரணம் மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஹார்லெமில் விற்கும் விஷத்துக்கு ஹார்லெம்காரன்தான் காரணம் என்று நினைக்கிறவர்களுக்கு டைரக்டர் ஒரு பதில் வைத்திருக்கிறார்.

2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவன் இறந்தான். போதை மருந்து என்று சந்தேகம். உடனே பழி நைஜீரிய மாணவர்கள் மேல் விழுந்தது. வணிக வளாகத்துக்குள் புகுந்து, கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாணவர்களை நாற்காலியாலும் தடியாலும் அடித்தார்கள். அடுத்த மாதம் மாநிலங்களவை முன்னாள் உறுப்பினர் ஒருவர் டி.வி. விவாதத்தில், நாங்கள் நிறவெறி பிடித்தவர்கள் என்றால் தென்னிந்தியர்களோடு எப்படிச் சேர்ந்து வாழ்வோம், எங்களைச் சுற்றிலும் கறுப்பு மக்கள் இருக்கிறார்களே என்ற பொருளில் பேசினார். நினைவிருக்கிறதா? நமக்கு வந்த கோபம் கொஞ்சமா! செயற்குழுவில் கண்டனத் தீர்மானம் எழுதினோம். அதை டைப் அடித்தது நான். நிறத்தைச் சொல்லி நம்மை அவமதித்துவிட்டதாக எழுதினேன். அடிபட்ட மாணவர்களைப் பற்றி அந்தத் தீர்மானத்தில் ஒரு வரி கிடையாது. அவர் மன்னிப்புக் கேட்டதும் நம் விஷயம் முடிந்துவிட்டது.

அதே வருஷம் ஜூன் மாதம். நான் இப்போது இருக்கும் அடுக்கு மாடிக் குடியிருப்பில் காங்கோவிலிருந்து வந்த ஒரு பையன் வாடகைக்கு இருந்தான். கம்ப்யூட்டர் படிப்பு. லிஃப்டில் பார்த்தால் "நமஸ்தே அங்கிள்" என்பான். அதற்கு மேல் ஹிந்தி வராது. என் மனைவி காய்கறிப் பையோடு நின்றால் வாங்கி மேலே கொண்டுவந்து வைப்பான். குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தாள் சுற்றுக்கு வந்தது. இனி ஆப்பிரிக்கர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவதில்லை, இருப்பவரைக் காலி செய்யச் சொல்வது. காரணம், பாதுகாப்பு. கொண்டுவந்தவர் நல்ல மனிதர். காலையில் கூடவே நடைப் பயிற்சிக்கு வருகிறவர். எனக்கு முன்னால் பதினேழு கையெழுத்து இருந்தது. பதினெட்டாவது என்னுடையது. யாரும் என்னை மிரட்டவில்லை. மாடிப் படியில் கும்பல் நிற்கவில்லை. பேனாவையும் அவரே கொடுத்தார்.

பையன் மாதக் கடைசியில் போய்விட்டான். எங்கே போனான் என்று தெரியாது.

நாலு வருஷம் கழித்து இந்தப் படத்தைப் பார்க்கிறேன். ஓடெலின் கடையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். ஹிந்தி தெரியாத 1984இல் எனக்குச் செய்ய முடிந்த காரியம், சரளமாக ஹிந்தி பேசுகிற 2017இல் ஏன் முடியவில்லை? இந்தக் கேள்வியை என் மகன் கேட்கவில்லை. அவனுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது. இந்த மலரைப் படித்துத்தான் தெரிந்துகொள்வான்.

இன்னும் இரண்டு காட்சி சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்காக. சுரங்க ரயிலில் ஒரு வெள்ளைக்காரப் பையன் சீட்டுக்கட்டை வைத்து நம் ஆளுக்கு வித்தை காட்டுகிறான். நீளமான கதை, ராஜா ராணி எல்லாம் வருகிறார்கள். முடித்துவிட்டு, இன்னொரு வித்தை தெரியும், இந்த வண்டியில் இருக்கும் வெள்ளைக்காரர்கள் எல்லோரையும் மறைய வைக்கட்டுமா என்கிறான். 59ஆம் தெரு நிலையம் வருகிறது. அடுத்த நிறுத்தம் 125ஆம் தெரு, ஹார்லெம். வெள்ளைக்காரர்கள் எல்லோரும் இறங்கிப் போகிறார்கள், அந்தப் பையனும்தான். ஒரு காசு செலவில்லாத விஞ்ஞானக் கற்பனை. ஓர் ஊர் எப்படிக் கோடு போட்டுப் பிரிந்து கிடக்கிறது என்பதைப் பாடப் புத்தகம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது.

இன்னொன்று, அருங்காட்சியகத்தில். அந்தக் காலத்தில் தப்பியோடும் அடிமையைத் துரத்துவதாக ஒரு படம் மாட்டியிருக்கிறது. பேசாதவன் கூட வந்த சின்னப் பையனுக்கு அதைக் காட்டுகிறான். பிறகு தன்னைக் காட்டுகிறான். பிறகு கட்டை விரலை வானத்தை நோக்கி உயர்த்துகிறான். அந்தப் பையனுக்குப் புரிந்துவிடுகிறது. நமக்கும் புரிகிறது. வசனம் தேவைப்படவில்லை.

ஒளிப்பதிவு பற்றி ஒரு வார்த்தை. எர்னஸ்ட் டிக்கர்சன் என்ற கறுப்பின இளைஞர் செய்தது; பின்னால் ஸ்பைக் லீயின் படங்களை எடுத்துப் பெயர் வாங்கியவர். ராத்திரி வெளிச்சத்தில் கறுப்பு முகங்கள் அத்தனை அழகாக, நிழலில் தொலையாமல் தெரிகின்றன. முகத்துக்கு மாவு பூசி வெளுக்க வைக்கும் சினிமாவைப் பார்த்தே வளர்ந்தவன் நான். என் பெண் எட்டாம் வகுப்பில் சிவப்பழகு கிரீம் கேட்டு அழுத நாளில், பள்ளிக்கூடத்தில் யாரோ 'காலி மதராஸன்' என்று சொல்லிவிட்டார்கள். அப்போது இந்தப் படம் என்னிடம் இல்லை. கிரீம்தான் வாங்கிக் கொடுத்தேன்.

முடிவைச் சொல்லவில்லை. துரத்தி வந்த அந்த இரண்டு பேருக்கு என்ன ஆகிறது, மூன்று விரல்காரன் நியூயார்க்கில் ஒருவன் மட்டும்தானா என்பதைப் பார்க்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

சங்கத்து ஹாலில் போட முடியாது என்பது தீர்மானமாகிவிட்டது. குழுவின் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். என் வீட்டு ஹாலில் பன்னிரண்டு பேர் உட்காரலாம், பிள்ளைகள் என்றால் பதினைந்து. வருகிற மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்குப் போடுகிறேன். பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் வரலாம். பெற்றோர் கூட வந்தால் நல்லது, ஊசி வரும் இடத்தில் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். புரியாத இடத்தில் நிறுத்திச் சொல்கிறேன். என் மனைவி போண்டா போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நண்பரும் கட்டாயம் வர வேண்டும். அவருக்காக 'காதலிக்க நேரமில்லை' தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அதை இரண்டாவதாகப் போடலாம்.